12.750 கிலோ நண்டும் ஒரு காற்புள்ளியும்: இணையப் படிவத்தில் தசம எண்களைக் கையாளுதல்

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில் நண்டு எடுக்கும் வியாபாரி ஒருவருக்காக, வல்லங்களில் (மீன்பிடி படகுகளில்) வந்திறங்கும் நண்டின் எடையையும் விலையையும் பதிவு செய்யும் சிறிய இணையப் படிவம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். எடைக்குச் சாதாரண எழுத்துப் பெட்டியையே வைத்திருந்தேன். தராசு 12.750 என்று காட்டியதை அங்கிருந்த பையன் 12,750 என்று தட்டிவிட, காற்புள்ளிகளை நீக்கும்படி நான் எழுதியிருந்த ஒரு வரி, பன்னிரண்டே முக்கால் கிலோவைப் பன்னிரண்டே முக்கால் டன்னாக்கிவிட்டது. ஒரு வல்லத்தில் அவ்வளவு நண்டு வராது என்பதால் அன்று மாலையே பிழை பிடிபட்டது.

படி 1: பெட்டியின் வகையை 'நம்பர்' என்று மாற்றுங்கள். அத்துடன் நின்றுவிட்டால் உலாவி முழு எண்களை மட்டுமே ஏற்கும். ஏனெனில் எண்கள் எவ்வளவு இடைவெளியில் இருக்கலாம் என்று சொல்லும் 'ஸ்டெப்' என்னும் பண்பைக் குறிப்பிடாதபோது அதன் மதிப்பு 1. கிராம் வரை எழுத 0.001 என்றும், விலைக்கு 0.01 என்றும் கொடுங்கள்.

படி 2: படிவம் போய்ச் சேரும் கணினியான சேவையகத்தில் மீண்டும் சரிபாருங்கள். உலாவியின் சோதனையை எவரும் தாண்டிவர முடியும்; மேலும் படிவத்திலிருந்து வந்து சேர்வது எண் அன்று, எழுத்துகளாலான சரம். அதை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் தொடக்கநிலையாளர்கள் வழுக்குகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டின் 'பார்ஸ்ஃப்ளோட்' 12,750 என்பதைக் காற்புள்ளி வரை மட்டும் படித்து 12 என்று தரும். முக்கால் கிலோ நண்டு சத்தமில்லாமல் மறைந்துவிடும். 'நம்பர்' செயற்கூறு அதை எண்ணே இல்லை என்று மறுக்கும், ஆனால் வெற்றுச் சரத்தைப் பூஜ்யமாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே மாற்றுவதற்கு முன்பே சரத்தின் வடிவத்தைச் சோதியுங்கள்: ஒன்று முதல் நான்கு இலக்கங்கள், தேவையானால் ஒரு புள்ளியும் அதன்பின் ஒன்று முதல் மூன்று இலக்கங்களும், வேறு எதுவும் கூடாது. காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். 1,250 என்று வந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பதா, ஒன்றேகாலா என்பது நிரலுக்குத் தெரியாது. எனவே ஊகிக்காமல் திருப்பி அனுப்புவதே என் வழக்கம்.

படி 3: கணக்கை முழு எண்களில் செய்யுங்கள். கணினி தசமப் பின்னங்களை இரும எண்முறையில் வைத்திருப்பதால், 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும். எடையைக் கிராமாகவும் விலையைப் பைசாவாகவும் மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கிலோ 420.50 ரூபாய் என்றால், 12750 ஐ 42050 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க 536137.5 பைசா வரும். அரைப் பைசாவை மேலே ஏற்றினால் 5361.38 ரூபாய். இந்த முழுமையாக்கலை இறுதியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

படி 4: தரவுத்தளத்தில் எடைக்கு, பின்னங்களை இரும முறையில் தோராயமாக வைக்கும் 'ஃப்ளோட்' வகை வேண்டாம்; மொத்தம் 8 இலக்கங்கள், அவற்றுள் 3 புள்ளிக்குப் பின் என்று 'டெசிமல்' வகையில் வையுங்கள்.

படி 5: 12.750, 12,750, வெற்றுப் பெட்டி, -3, 12.7505 ஆகியவற்றைச் சேவையகத்துக்கு நேரடியாக அனுப்பிப் பாருங்கள். முதலாவது மட்டுமே பதிவாக வேண்டும். மற்றவற்றுக்கு, "எடையைப் புள்ளி வைத்து எழுதுங்கள், எடுத்துக்காட்டு 12.750" என்று தமிழில் சொல்லுங்கள். அப்போது படிவத்தின் மற்றப் பெட்டிகளில் எழுதியவை அழியாமல் இருக்கட்டும்; தராசடியில் நிற்பவர் ஈரக்கையோடு எல்லாவற்றையும் மறுபடி தட்ட மாட்டார்.