லியோனோரா கிறிஸ்டினாவைப் பற்றி எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

17-ஆம் நூற்றாண்டில் நீண்ட காலம் சிறையில் கிடந்து, அதைப் பற்றி நூலும் எழுதிய டென்மார்க் பெண் லியோனோரா கிறிஸ்டினா. அவரை ‘டென்மார்க் இளவரசி’ என்று எழுதிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. அவருடைய அப்பா நான்காம் கிறிஸ்டியான் அரசர்தான். நம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கால் வைத்தது இவர் ஆட்சியில். மறு ஆண்டு லியோனோரா பிறந்தார். ஆனால் அம்மா கிர்ஸ்டன் முங்க் பிரபுக் குடும்பத்துப் பெண். 1615-இல் அரசரை மணந்தும் அரசிப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அரியணை உரிமையும் இல்லை.

சரி, இளவரசி இல்லையென்றால் ‘ஆசைநாயகியின் மகள்’ என்று எழுதிவிடலாமா? அது இன்னும் பெரிய தவறு. நடந்தது திருமணம்தான், அந்தஸ்து மட்டும் சமமில்லை. அரசரே செல்லமாக வளர்த்த மகள் அவர். 1648-இல் அப்பா இறந்ததும் மாற்றாந்தாய் வழி அண்ணன் மூன்றாம் ஃபிரெடெரிக் அரியணை ஏறினார். அவருடைய மனைவி சோஃபி அமாலியாவுக்கு லியோனோராவைக் கண்டாலே ஆகாது.

அடுத்தது, ‘தேசத்துரோகத்துக்காகத் தண்டனை பெற்றவர்’ என்பது. துரோகக் குற்றம் சுமத்தப்பட்டது கணவர் கார்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட் மீது. அவர் ஸ்வீடன் பக்கம் சேர்ந்து சொந்த நாட்டுக்கு எதிராக வேலை செய்தவர். அவரை அப்பாவியாகக் காட்டுவதும் சரியல்ல. லியோனோரா மீது விசாரணையே நடக்கவில்லை. இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க 1663-இல் இங்கிலாந்து போனார். பணம் வரவில்லை. டோவரில் பிடித்து டென்மார்க்கிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கோபன்ஹேகன் அரண்மனையின் நீலக் கோபுரத்தில் ஏறத்தாழ 22 ஆண்டுகள் சிறை! கணவர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். அப்புறமும் மனைவியை விடவில்லை. 1670-இல் மூன்றாம் ஃபிரெடெரிக் இறந்தபோதும் கதவு திறக்கவில்லை. சோஃபி அமாலியா 1685-இல் கண்மூடிய பிறகுதான், அதே ஆண்டு மே மாதம், வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 63.

அவர் எழுதிய ‘யாமர்ஸ் மின்டே’ நூலைச் சிறை நாட்குறிப்பு என்பதும் தவறு. நாளுக்கு நாள் எழுதிய குறிப்பு அல்ல அது. 1674-இல் தொடங்கி, பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய நினைவுக்குறிப்பு. பழையதை நினைவிலிருந்து எழுதியதால், தன்னை எப்படிக் காட்ட விரும்பினார் என்பதும் அதில் கலந்திருக்கிறது. எனக்கு அந்த நூல்மேல் அவ்வளவு பிரியம். காவலாளிகளின் பேச்சு, பணிப்பெண்களின் குணம், அறையில் ஓடும் எலிகள் வரை எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் கணவரைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நூல் அச்சானது 1869-இல்தான்.

படங்களிலும் கவனம் தேவை. சிறைக்குள் அவர் இருப்பதாகக் காட்டும் புகழ்பெற்ற ஓவியங்கள் 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டியான் சார்ட்மன் கற்பனை செய்து வரைந்தவை. அந்த நீலக் கோபுரமும் இன்று இல்லை. பழைய அரண்மனையோடு இடித்துவிட்டார்கள். மிஞ்சிய அடித்தளத்தை கிறிஸ்டியான்ஸ்போர்க் மாளிகையின் நிலவறையில் பார்க்கலாம். 1698-இல் அவர் இறந்தது மாரிபோ ஊரில்.