காத்தாடி சுத்தும்போது எந்தக் கடலுக்குப் போகலாம்? தீவுப் பயணத்துக்கு மாதம் குறிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

மே மாதக் கடைசி. அந்தமானில் ஹேவ்லாக் தீவின் படகுத்துறை. 2018-லிருந்து அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர், ஆனாலும் எல்லோரும் பழைய பேரைத்தான் சொல்கிறார்கள். அமுச்சியை, அதாவது அம்மாவைப் பெற்றவரை, ஒரு தகரக் கூரைக்குக் கீழே உட்கார வைத்திருந்தேன். மழை சாய்வாக அடித்ததில் சேலையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. மடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பா. எதிரே கடல், சாணி கரைத்த மாதிரி ஒரு நிறம்.

"ஏஞ் சாமி, கடலு நீலமா இருக்கும்னியே?"

அன்றைக்குப் படகு இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கிளம்பியபோது எங்கள் விமானம் போய் ஒரு நாளாகியிருந்தது. எழுபத்தெட்டு வயதில் முதன்முதலாக ஊரை விட்டு அத்தனை தூரம் வந்தவர் தீவில் பார்த்தது விடுதி அறையின் சுவரைத்தான். பதிவு செய்து கொடுத்தவரிடம் முன்பே கேட்டிருந்தேன். "லேசாச் சாரல் இருக்குமுங்க, அவ்வளவுதானுங்க" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை. கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு பருவமழையை நினைத்தால் யாருக்கும் சாரல்தான் நினைவுக்கு வரும். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நமக்குத் தென்மேற்குப் பருவமழை என்பது மலை வடிகட்டிக் கொடுத்த மிச்சம். மேகம் கேரளத்திலும் வால்பாறையிலும் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் இறங்குகிறது. தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்குப் பக்கம்தான். பொள்ளாச்சியில் சாரல், பல்லடத்தில் வெறும் காற்று, காங்கேயத்தில் அதுவும் புழுதியோடு. கோவையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது 600, 700 மில்லிமீட்டர். அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) ஆண்டு மழை சுமார் 3000. நம் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் அங்கே ஜூன் ஒரே மாதத்தில் கொட்டிவிடும். காற்றைத் தடுக்க அங்கே மலைத்தொடரும் இல்லை. கேரளத்துக்கு ஜூன் 1 வாக்கில் வரும் மழை, அந்தமான் கடலை மே மூன்றாம் வாரத்திலேயே தொட்டுவிடும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய் வரலாம் என்று நாம் எடுத்து வைக்கிற கடைசிப் பத்து நாள் அதில் நேராகப் போய் மாட்டுகிறது.

மாதத்தைப் பார்ப்பதைவிடக் காற்றைப் பாருங்கள் என்பேன். காற்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் சுற்றுகின்றன. வைகாசியில் வேகம் பிடித்து, ஆடியில் அம்மியைப் பறக்கவிட்டு, புரட்டாசியில் ஓய்கிற அதே காற்றுதான் லட்சத்தீவையும் மாலத்தீவையும் இலங்கையின் தென்மேற்குக் கரையையும் அடிக்கிறது. உடுமலை ரோட்டில் காத்தாடி நிற்காமல் சுற்றுகிறதா, அந்த நாட்களில் மேற்குக் கடலைப் பார்த்த தீவுக் கரை எதற்கும் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிப்போக வேண்டாம். இது நான் எனக்காக வைத்துக்கொண்ட அடையாளம். இதுவரை பிசகவில்லை.

லட்சத்தீவுக்கு இது அப்படியே பொருந்தும். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை கொச்சியிலிருந்து போகும் கப்பல் போக்குவரத்து சுருங்கிவிடும். கோவையிலிருந்து எர்ணாகுளம் நாலு மணி நேர ரயில் பயணம்தான், அதனாலேயே "பக்கம்தானே, லீவு விட்டதும் போலாம்" என்று நினைக்கத் தோன்றும். கரையில் இருக்கும் கொச்சி பக்கம்தான். அதற்கப்புறம் இருக்கும் கடலும், வாங்க வேண்டிய நுழைவு அனுமதியும் நம் லீவைப் பார்ப்பதில்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் அங்கே நல்ல காலம். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாட்களையும் சேர்த்து முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

ஒரு தீவு முழுவதற்கும் ஒரே பருவம் என்று நினைப்பது அடுத்த தவறு. "இலங்கைக்கு எந்த மாசம் போலாம்?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது, எந்தக் கரை என்று கேட்டால்தான் உண்டு. இலங்கையின் நடுவில் இருக்கும் மலை, நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை செய்யும் வேலையையே செய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை கொழும்பு, காலி, மிரிசா பக்கம் மழையும் அலையும். அதே நாட்களில் திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாம் காய்ந்து கிடக்கும், கடல் குளம் மாதிரி இருக்கும். மலையைத் தாண்டி இறங்கிவரும் அந்தக் காய்ந்த மேல்காற்றைக் கிழக்கிலங்கைத் தமிழர்கள் கச்சான் என்கிறார்கள். அங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பேர், கடையில் கேட்டால் குழம்பிவிட வேண்டாம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இது தலைகீழ். வாடைக்காற்று கிழக்கை நனைக்கும், தென்மேற்குக் கரை வெளுத்து நிற்கும்.

ஆகவே மே மாத லீவில் தீவுக்குத்தான் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் திருகோணமலை நல்ல இடம். ஹேவ்லாக்கில் பட்ட பாட்டுக்கு இரண்டு வருடம் கழித்து அதே மே கடைசியில் பிள்ளைகளைத் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலாவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரிந்தது. தேதியை மாற்றவில்லை, கரையை மட்டும்தான் மாற்றினோம். பொங்கல் லீவுக்கு அதே திருகோணமலையை எடுத்திருந்தால் மழையில் மாட்டியிருப்போம்.

தாய்லாந்திலும் இதே கதைதான். புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழை, சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே வைத்துவிடுவார்கள். மறுபக்கம் வளைகுடாவில் இருக்கும் கோ சமுயியில் பெருமழை அக்டோபர், நவம்பரில். ஏன், ஹேவ்லாக் மாதிரிச் சின்னத் தீவிலேயே ராதாநகர் கடற்கரை மேற்கைப் பார்த்தது, காலாபத்தர் கிழக்கைப் பார்த்தது. ஒன்றில் அலை அடிக்கும் நாளில் மற்றதில் அமைதியாக இருக்கும்.

இனி தீபாவளி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் நீண்ட லீவு என்றால் அதுதான். திருப்பூரில் போனஸ் போட்டுக் கம்பெனியை மூடினால் ஊரே வெறிச்சோடிவிடும். கையில் காசு, நாலைந்து நாள் ஓய்வு, ஊரில் வெயிலும் தணிந்திருக்கும். கிளம்பச் சொல்லி எல்லாம் கூடிவரும். ஆனால் ஐப்பசி அடைமழை நமக்கு மட்டும் பெய்வதில்லை. அக்டோபர், நவம்பரில் ஒரு காற்று ஓய்ந்து இன்னொரு காற்று பிடிக்கும் இடைவெளியில் இலங்கையில் கிழக்கு, மேற்கு என்ற வித்தியாசமே இல்லாமல் மழை வரும். வங்கக்கடலில் புயல் சின்னங்கள் உருவாவதும் இந்த நாட்களில்தான். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் இலங்கையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது, மலையகத்தில் மண் சரிந்து ஊர்கள் புதைந்தன. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள், கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டுவந்தன. அந்தத் தாழ்வு நிலைதான் பிறகு வர்தா புயலாகி டிசம்பர் 12-ல் சென்னையைப் புரட்டிப் போட்டது. டிசம்பர் என்றாலே சீசன் என்று நம்பிப் போனவர்கள்தான் அத்தனை பேரும்.

என் கணக்கில் அந்தமானுக்கு நல்ல காலம் பொங்கல் கழிந்த பிறகு தொடங்கி ஏப்ரல் நடு வரை. அதிலும் பிப்ரவரி, மார்ச். கடல் அடங்கியிருக்கும், தண்ணீருக்கடியில் பவளப்பாறை தெளிவாகத் தெரியும், அரையாண்டு லீவின் கூட்டமும் விலையும் இறங்கியிருக்கும். ஏப்ரலில் கடல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் புழுக்கம் நமக்குப் பழக்கமில்லாதது. ஈரோட்டு வெயிலில் நாற்பது டிகிரியைத் தாங்குகிறவர்கள் அங்கே முப்பத்திரண்டு டிகிரியில் துவண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஈரோட்டில் வியர்வை காய்ந்துவிடும், தீவில் காயாது.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் கணக்கே வேறு. பாலிக்கு மழை நவம்பர் முதல் மார்ச் வரை, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நம் கோடை லீவும் காலாண்டு லீவும் அதற்கு அப்படியே ஒத்துப்போகும், ஐப்பசி முதல் வாரத்தில் வரும் தீபாவளியும்கூட. ஆனால் இங்கிருந்து பலர் புத்தாண்டுக்கு பாலி போய் மழையில் நிற்கிறார்கள். மார்ச் மாதம் போவதானால் நியேபி என்ற மௌன நாள் எப்போது வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அன்று ஒரு நாள் முழுக்க விமான நிலையமே மூடியிருக்கும், விடுதியை விட்டு வெளியே வரவும் முடியாது. மொரீஷியஸில் ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம் வரும் காலம், மே முதல் அக்டோபர் வரை இதமான குளிர்.

கல்யாணம் முடிந்து போகிறவர்கள் முகூர்த்த மாதத்தை வைத்தே முடிவு செய்யலாம். தை, மாசியில் கல்யாணம் என்றால் அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு. வைகாசி, ஆனி, ஆவணி என்றால் பாலி அல்லது திருகோணமலை. வைகாசியில் தாலி கட்டிவிட்டு, சீசன் இல்லாததால் மலிவு என்று மாலத்தீவுக்கு டிக்கெட் போடும் முன் ஒரு முறை யோசியுங்கள். தண்ணீர்மேல் கட்டிய வீட்டில் சும்மா இருந்தாலே போதும் என்கிறவர்களுக்கு அது லாபம்தான். ஹனிபாரு விரிகுடாவில் மந்தா திருக்கைகள் கூட்டமாக வருவதே அந்த மழைக்காலத்தில்தான், அதற்கென்றே போகிறவர்களும் உண்டு. வெயில் அடிக்கும் நீலக் கடலில் படம் எடுக்க வேண்டும் என்றால் மட்டும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை.

செல்போனில் வானிலை பார்த்து மாதம் குறிக்க முடியாது. இரண்டு மாதம் கழித்து வரும் தேதிக்கு அது காட்டும் மேகப் படத்துக்கு மதிப்பில்லை. மழை அளவை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் அரைகுறைதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளுத்துவாங்கிவிட்டு ஓயும் மழையால் பயணம் கெடாது. மழையே இல்லாமல் காற்று அடித்து அலை உயர்ந்தால் படகு நின்றுவிடும். கிளம்புவதற்கு முந்தின வாரம் பார்க்க வேண்டியது அலை உயரம். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அதைத் தினமும் வெளியிடுகிறது. வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குத் தரும் எச்சரிக்கை நமக்கும் சேர்த்துத்தான். "மச்சான் போன ஜூன்ல போனான், வெயில்தான் அடிச்சுதாம்" என்பதும் உண்மையாக இருக்கலாம். பருவமழை நடுவில் ஒரு வாரம் ஓய்வதுண்டு. அந்த வாரம் அவருக்கு அமைந்தது.

மாதம் சரியாக எடுத்தவர்களும் கோட்டைவிடுவது திதியில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். வற்றிய நேரத்தில் போனால் நீந்த இடமில்லாமல் பாறைதான் தெரியும். நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்கோ தண்ணீர் வற்றினால்தான் நடந்து போக முடியும். ஹேவ்லாக்கில் இரவில் அலை பச்சையும் நீலமுமாக மினுங்குவதைப் பார்க்க வேண்டுமானால் நிலவு இல்லாத ராத்திரியாக இருக்க வேண்டும். இன்னொன்று, அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். டிசம்பரில் கோவையில் ஆறு மணிக்கு விழும் சூரியன் அங்கே ஐந்து மணி வாக்கிலேயே விழுந்துவிடும். காலையில் சாவகாசமாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் நஷ்டம்.

எந்த மாதம் போனாலும் தீவிலிருந்து இறங்கும் நாளிலேயே விமானம் ஏற வேண்டாம். அந்தமானில் கடைசி ராத்திரி போர்ட் பிளேரில் இருக்க வேண்டும், லட்சத்தீவுக்குக் கப்பலில் போனால் கொச்சியில் ஒரு நாள் கையிருப்பு வேண்டும். படகு நின்றால் பணம் திரும்புமா, விடுதியில் கூடுதல் நாளுக்கு யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வருகிற பங்குனியில் அமாவாசையை ஒட்டி அமுச்சிக்கு மறுபடி ஹேவ்லாக் போட்டிருக்கிறேன். தண்ணீர் ஏறும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், ஜாதகக் குறிப்புகளோடு சேர்த்து வைத்திருக்கிறார். கடைசி ராத்திரிக்குப் போர்ட் பிளேரில் கீழ்த்தளத்து அறை, படி ஏற வேண்டியதில்லை. "இந்த மொறை நீலமா இருக்குமா சாமி?" என்று நேற்றும் கேட்டார். இருக்குமுங்க அமுச்சி என்றேன்.