பிரமிடுகளைத் தாண்டிய கெய்ரோ: முதல்முறை செல்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கெய்ரோவுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் கீசா பிரமிடுகளையும் அருங்காட்சியகத்தையும் கான் எல் கலீலி கடைவீதியையும் பார்த்துவிட்டு லக்சருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவற்றைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு திரும்பினால் கெய்ரோவைப் பார்த்ததாகாது. பிரமிடுகள் எழுந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான் இந்த நகரமே பிறந்தது. கி.பி. 641-இல் அரபுப் படையினர் நைல் கரையில் ஃபுஸ்தாத் என்ற ஊரை அமைத்தார்கள். 870 வாக்கில் அதற்கு வடக்கே இன்னொரு தலைநகரம் எழுந்தது. 969-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஷியா ஆட்சியாளர்களான ஃபாத்திமியர்கள் அதற்கும் வடக்கே மதில் சூழ்ந்த கெய்ரோவைக் கட்டினார்கள்.

ஆகவே தெற்கில் தொடங்கி வடக்கு நோக்கி வந்தால் நகரத்தை அதன் வயது வரிசையிலேயே பார்த்துவிடலாம். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன். நான்கு நாள்கள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். இரண்டே நாள்கள் என்றால் 3, 4, 5 ஆகிய படிகள் போதும்.

படி 1: மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள்

அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நடப்பதற்கு ஏற்ற காலம். கோடையில் இந்தத் திட்டத்தைக் கையிலெடுக்காதீர்கள். நாள் முழுதும் காலால் நடக்கும் திட்டம் இது. ரமலான் மாதத்தில் பல இடங்கள் சீக்கிரம் மூடப்படும். ஆனால் இரவில் பழைய நகரம் விளக்குகளோடு விழித்திருக்கும் அழகுக்காகவே அந்த மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு.

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை காலையில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். நெரிசலுக்குப் பேர்போன நகரத்தில் அது பெரிய வரம். நண்பகல் தொழுகை நேரத்தில் மட்டும் பள்ளிவாசல்களைத் தவிர்த்துவிடுங்கள். அரசு நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் மாலை நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் மூடப்படுவதால், காலை எட்டரைக்கெல்லாம் விடுதியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

படி 2: மெட்ரோவையும் எண்களையும் பழகிக்கொள்ளுங்கள்

கெய்ரோ மெட்ரோ 1987-இல் ஓடத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் முதல் மெட்ரோ அதுதான். இப்போது மூன்று வழித்தடங்கள் இருக்கின்றன. தஹ்ரீர் சதுக்கத்தின் கீழே உள்ள சதாத் நிலையத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து முதலாம் தடத்தில் தெற்கே போனால் சாத் ஸக்லூல், சையிதா ஸைனப், எல் மாலிக் எல் சாலே, மார் கிர்கிஸ் என்று நிலையங்கள் வரும். முதல் இரண்டு நாள்களுக்கு இந்தப் பெயர்களே போதும். ஒவ்வொரு ரயிலிலும் நடுப்பகுதியில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு.

எண்களைப் புறப்படுவதற்கு முன்பே மனப்பாடம் செய்யுங்கள். கடைகளிலும் பஸ்களிலும் அரபு எழுத்திலேயே எண்கள் இருக்கும். வட்டமாக இருப்பது ஐந்து, வெறும் புள்ளிதான் பூச்சியம். நாம் எழுதும் 7 போலத் தெரிவது ஆறு. இந்த மூன்றில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

மெட்ரோ எட்டாத இடங்களுக்கு ஊபர் அல்லது கரீம் செயலி வழியாக வண்டி பிடிக்கலாம். நுழைவுச்சீட்டுக்குப் பல அரசு இடங்களில் வங்கி அட்டை கேட்பார்கள். அட்டை கட்டாயம் இருக்கட்டும். சில்லறை நோட்டுகளும் தனியாக வேண்டும். காலணியைப் பார்த்துக்கொள்பவர், மினாரின் கதவைத் திறந்துவிடுபவர் என்று பலருக்கும் சிறு பக்ஷீஸ் கொடுப்பது அங்கே வழக்கம்.

படி 3: ஆற்றை அளந்த கிணற்றில் தொடங்குங்கள்

ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் நைல் நதியின் நீர்மட்டத்தை அளந்த நைலோமீட்டரைத்தான் சொல்வேன். எல் மாலிக் எல் சாலே நிலையத்தில் இறங்கிப் பாலம் கடந்து ரோடா தீவுக்குப் போங்கள். தீவின் தென்கோடியில், கூம்பு வடிவக் கூரையின் கீழே அது இருக்கிறது.

உள்ளே கல் பதித்த ஓர் ஆழமான கிணறு. நடுவே எட்டுப் பட்டை கொண்ட பளிங்குத் தூண். தூணில் முழக் கணக்கில் கோடுகள். ஒரு முழம் ஏறத்தாழ 54 செ.மீ. ஈராக்கிலிருந்து ஆண்ட அப்பாஸிய கலீஃபா அல் முதவக்கிலின் ஆணைப்படி 861-இல் இது கட்டப்பட்டது. பணியை மேற்பார்த்தவர் வானியலாளர் அல் ஃபர்கானி. ஆற்றிலிருந்து மூன்று சுரங்க வாய்கள் வெவ்வேறு உயரத்தில் கிணற்றுக்குள் திறந்திருந்தன. நைல் உயர உயரக் கிணற்று நீரும் அமைதியாக உயரும். அலையும் ஓட்டமும் இல்லாத நீரில் அளவு துல்லியமாகத் தெரியும்.

இந்த அளவை வைத்துத்தான் எகிப்தின் அந்த ஆண்டு வரியே முடிவானது. பதினாறு முழம் ஏறினால் வயல்களுக்கு நிறைவாகப் பாயும். கால்வாயின் கரையை உடைத்து நகரமே விழாக் கொண்டாடும். அதற்குக் குறைந்தால் பஞ்சம், மிக அதிகமானால் ஊர்கள் மூழ்கும். ஃபாத்திமிய கலீஃபா அல் முஸ்தன்சிர் காலத்தில், 1065 முதல் 1072 வரை, ஆறு திரும்பத் திரும்பப் பொய்த்து நாடே பஞ்சத்தில் சிதைந்தது. காவிரியில் தண்ணீர் திறக்கும் நாளுக்குக் காத்திருக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தூணின் முன் நிற்கும்போது விளக்கம் எதுவும் தேவைப்படாது. அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்தபின் ஆண்டு வெள்ளமே நின்றுபோனது. அளக்க வேண்டிய தேவையும் போனது.

சுவரை ஒட்டிய படிகளில் இறங்க அனுமதித்தால் கட்டாயம் இறங்குங்கள். சுரங்க வாய்களின் மேலுள்ள கூர்முனை வளைவுகளைக் கவனியுங்கள். ஐரோப்பாவின் கோதிக் தேவாலயங்களில் அந்த வடிவம் தோன்றுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இங்கே வந்துவிட்டது. சுவரில் நீரையும் பயிரையும் பற்றிய குர்ஆன் வசனங்கள் கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அதே வளாகத்தில் பாடகி உம்மு குல்தூமின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவருடைய கச்சேரி வானொலியில் ஒலித்தபோது அரபு உலகமே வீட்டுக்குள் அமர்ந்து கேட்டது. அவர் கையில் எப்போதும் இருந்த பட்டுக் கைக்குட்டை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் அங்கே இருக்கின்றன. நேரம் மிஞ்சினால் தீவின் வடக்கே மனியல் அரண்மனைக்குப் போகலாம்; தோட்டத்து ஆலமரங்களின் நிழலில் உட்கார்ந்து வருவதற்காகவே போகலாம்.

படி 4: இப்னு துலூன் பள்ளிவாசலுக்கு நடந்து செல்லுங்கள்

மறுநாள் சையிதா ஸைனப் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடங்கள். காய்கறி வண்டிகளும் ரொட்டிக் கடைகளும் நிறைந்த தெருக்கள் இவை. வழியிலேயே காலை உணவை முடித்துக்கொள்ளலாம். ஃபூல் எனப்படும் வேகவைத்த மொச்சை, அதையே அரைத்துப் பொரித்த தாமெய்யா இரண்டும் சைவம். மதியத்துக்குக் கொஷரி: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாவற்றின்மேலும் தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும் போட்டுத் தருவார்கள். பூண்டு சேர்த்த காடியைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். இறைச்சி உண்ணாதவர்கள் இந்த நகரத்தில் பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை.

868-இல் எகிப்தை ஆள வந்தவர் அகமது இப்னு துலூன். நைலோமீட்டர் அளந்து கொடுத்த வரி வருவாயை அப்பாஸிய கலீஃபாவுக்கு அதிகம் அனுப்பாமல் இங்கேயே வைத்துக்கொண்டு தனித் தலைநகரம் கட்டினார். அந்த நகரத்தில் இன்று எஞ்சியிருப்பது 876 முதல் 879 வரை கட்டப்பட்ட இந்தப் பள்ளிவாசல் மட்டுமே. செங்கல்லும் சுண்ணமும்தான் கட்டுமானம். அவர் வளர்ந்த ஈராக்கிய நகரமான சாமர்ராவின் பாணி அது. வெளிப்புறமாகப் படி சுற்றி ஏறும் மினாரும் அங்கிருந்து வந்த எண்ணமே.

உள்ளே போனதும் படமெடுக்க ஓடாதீர்கள். முதலில் முற்றத்தைச் சுற்றியுள்ள வளைவுகளின் நிழலில் ஒரு முழுச் சுற்று நடங்கள். வளைவுகளின் உட்புறத்தில் செதுக்கிய சுண்ண வேலைப்பாடு ஒவ்வொன்றிலும் வேறு வேறு. மேலே நூற்றுக்கும் அதிகமான சாளரங்கள். அதன்பிறகு மினார் ஏறுங்கள்.

முற்றத்தின் நடுவே உள்ள குவிமாட மண்டபம் பிற்காலத்தது. 1293-இல் சுல்தானைக் கொன்ற சதியில் பங்குகொண்ட லாஜின் என்ற மம்லூக் (அடிமைப் போர்வீரர் மரபைச் சேர்ந்த) தளபதி, அப்போது பாழடைந்து கிடந்த இந்தப் பள்ளிவாசலில் ஒளிந்திருந்தார். உயிர் பிழைத்தால் இதைப் புதுப்பிப்பேன் என்று நேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். 1296-இல் அவரே சுல்தானானார், சொன்னபடி புதுப்பித்தார்.

பள்ளிவாசலின் வெளிச்சுவரை ஒட்டியே கேயர் ஆண்டர்சன் அருங்காட்சியகம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இரண்டு வீடுகளைப் பாலத்தால் இணைத்திருக்கிறார்கள். ஆங்கிலேய ராணுவ மருத்துவர் ஒருவர் 1935 முதல் 1942 வரை இங்கே வாழ்ந்து பழம்பொருள்களால் நிரப்பினார். மேல்தளத்தில் ஓர் அலமாரிக் கதவைத் திறந்தால் மறைவான பாதை வரும். விருந்தினர் கூடத்தைப் பெண்கள் மரச்சல்லடைக்குப் பின்னிருந்து பார்க்க அமைத்த இடம் அது. காவலரைக் கேட்டால் காட்டுவார்.

படி 5: ஸுவைலா வாசலிலிருந்து கூடாரத் தையல்காரர்களிடம்

கான் எல் கலீலியின் கூட்டம் தெற்கே ஸுவைலா வாசல் வரை வருவதே இல்லை. 1092-இல் ஃபாத்திமியர் கட்டிய இந்தக் கோட்டை வாசலின் கோபுரங்கள்மேல், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த பள்ளிவாசல் ஒன்று தன் இரட்டை மினார்களை நிறுத்திக்கொண்டது. கடைசி மம்லூக் சுல்தான் தூமன் பேயை 1517-இல் ஒட்டோமானியர் தூக்கிலிட்டது இந்த வாசலில்தான். மினாரில் ஏறலாம், படிகள் குறுகலானவை, சிறு விளக்கு ஒன்று கையில் இருக்கட்டும்.

வாசலைத் தாண்டித் தெற்கே சில எட்டுகளில் கூரை போட்ட தெரு ஒன்று வரும். கயாமியா என்ற கூடாரத் தையல்காரர்களின் தெரு, 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஆண்கள் கால்மடித்து உட்கார்ந்து, தடித்த துணியின்மேல் வண்ணத்துணி வெட்டுகளை மடித்து ஊசியால் தைப்பார்கள். ஒருகாலத்தில் சுல்தான்களின் கூடாரங்களுக்கும் ஹஜ் பயணக் கூட்டத்துக்கும் தைத்த கை இது. இப்போது சுவர்த் தொங்கல்களும் மெத்தை உறைகளும் தைக்கிறார்கள்.

வாங்க நினைத்தால் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் தையல் தெரிந்தால் கைவேலை. தெரியாமல் வழவழப்பாக இருந்தால் அச்சடித்தது. அச்சுத் துணி மலிவாகக் குவிந்து இந்தத் தொழிலை நெருக்கிக்கொண்டிருக்கிறது. சிறியதாக இருந்தாலும் கையால் தைத்ததையே வாங்குங்கள், அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். ஒரு பெரிய தொங்கலுக்குப் பல வாரங்கள் உழைப்பு போகிறது.

மாலையில் அல் அஸ்ஹர் பூங்கா. ஐந்நூறு ஆண்டுகளாகக் குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்ட மேட்டைத் திருத்தி 2005-இல் திறந்தார்கள். அந்த வேலையின்போதுதான் மண்ணுக்குள் புதைந்திருந்த, ஃபாத்திமியருக்குப் பின் ஆண்ட அய்யூபியர் காலத்து மதில் வெளிப்பட்டது.

படி 6: வடக்குக் கல்லறை நகரமும் மொகத்தம் குன்றும்

இதற்கு வண்டி வைத்துக்கொள்வதே நல்லது. முதலில் சுல்தான் கைத்பேயின் கல்லறை வளாகம், 1474-இல் முடிந்தது. எகிப்தின் ஒரு பவுண்டு நோட்டில் இருப்பது இதுதான். குவிமாடத்தின் கல்லில் நேர்கோட்டு நட்சத்திரங்களும் வளைந்த கொடிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில்தான் இரண்டும் பிரிந்து தெரியும்.

சுற்றிலும் கல்லறைகளுக்கிடையே குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டு வாசலைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். சமீப ஆண்டுகளில் புதிய சாலைகளுக்காக இந்தக் கல்லறைப் பகுதிகளில் பல பழங்கட்டடங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அடுத்த பயணத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அங்கிருந்து மன்ஷியத் நாசர் வழியாக மொகத்தம் குன்றுக்கு. நகரத்தின் குப்பையைத் தலைமுறைகளாகச் சேகரித்துத் தரம் பிரிக்கும் ஸப்பாலீன் சமூகத்தின் குடியிருப்பு இது. பெரும்பாலும் எகிப்தின் பழமையான திருச்சபையைச் சேர்ந்த கோப்டிக் கிறித்தவர்கள். உணவுக் கழிவைத் தின்ன அவர்கள் பன்றிகள் வளர்த்தார்கள். 2009-இல் பன்றிக்காய்ச்சல் அச்சத்தில் அரசு அவற்றையெல்லாம் கொன்றது. அதன்பின் தெருக்களில் உணவுக் கழிவு அழுகிக் கிடந்தபோதுதான் நகரத்துக்கு இவர்களின் அருமை தெரிந்தது.

குன்றின் பாறையைக் குடைந்து அவர்கள் அமைத்த புனித சைமன் தேவாலயத்தில் பல ஆயிரம் பேர் அமரலாம். வளாகத்தின் மேலிருந்து கீழே பார்த்தால் ஐம்பது கட்டடங்களில் துண்டு துண்டாக வரைந்த ஓவியம் ஒரே வட்டமாகச் சேர்ந்து தெரியும். துனீசியப் பூர்வீகம் கொண்ட ஓவியர் எல் சீட் 2016-இல் வரைந்தது. குப்பை தரம் பிரிப்பவர்களை மட்டும் காட்சிப்பொருளாக்கிப் படமெடுக்க வேண்டாம்.

படி 7: ஊர் திரும்பும் நாளில் பாரன் (பிரபு) எம்பைன் அரண்மனை

ஹீலியோபோலிஸ் பகுதி விமான நிலையத்துக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. எனவே இதற்குத் தனி நாள் ஒதுக்காமல் கடைசி நாளில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புறநகரை உருவாக்கிய பெல்ஜியத் தொழிலதிபர் எம்பைன், 1907 முதல் 1911 வரை பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் அலெக்ஸாந்தர் மார்செலைக் கொண்டு கட்டிய வீடு இது. அங்கோர் வாட்டையும் ஒடிசாக் கோயில்களையும் மாதிரியாகக் கொண்டது. யானைகளும் நாகங்களும் தெய்வ உருவங்களும் கல்லில் செதுக்கியவைபோலத் தெரியும், ஆனால் எல்லாம் கான்கிரீட். கோயில் சிற்பங்களோடு பழகிய கண்ணுக்கு எது எங்கிருந்து எடுக்கப்பட்டது, எது கற்பனையில் கலந்தது என்று பிரித்துப் பார்ப்பதில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

பல பத்தாண்டுகள் பாழடைந்து, பேய்க் கதைகளோடு கிடந்த இந்த வீடு சீரமைக்கப்பட்டு 2020-இல் திறக்கப்பட்டது. மொட்டை மாடிக்கும் போக வேண்டுமானால் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்தால் மீண்டும் நெரிசலுக்குள் திரும்ப வேண்டியிருக்கும். கையோடு கொண்டுவந்து, வண்டியைக் காத்திருக்கச் சொல்லி, அங்கிருந்தே நேராக விமான நிலையத்துக்குப் புறப்படுங்கள்.