பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கில் சொருகாதீர்கள்

கப்பல் வேலையிலிருந்த மாமா 1979-இல் ஜப்பானில் வாங்கிவந்த ஆம்ப்ளிஃபயர் எங்கள் வீட்டுப் பரணில் வெகுகாலம் கிடந்தது. ஒருநாள் ஆசை வந்து இறக்கி, தூசி தட்டி, நேராக பிளக்கில் சொருகினேன். டப்பென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. மாமா கூடவே வாங்கிவந்த, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் அதே பரணில், பித்தளை அண்டாவுக்குள் இருந்தது.

அதனால் முதலில் செட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏற்றுமதிக்கென்று செய்த பல செட்டுகளில் 110, 220, 240 என்று மாற்றிக்கொள்ள வசதி இருக்கும். அது சரியாக இருந்தாலும் அவசரம் வேண்டாம். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில் உள்ளே மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். விவரமான மெக்கானிக் சீரிஸ் போர்டில் ஒரு குண்டு பல்பைப் போட்டு, அதன் வழியாகத்தான் மின்சாரம் கொடுப்பார். பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் நிம்மதி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

அடுத்தது இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் தீர்ந்தது கதை. தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலிஷ் போடுகிறார்? அவற்றின் பள்ளமும் அகலம், பின்னால் வந்த, நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டுக்கான முள்ளை வைக்கக் கூடாது. தடித்த முள் தனியாக உண்டு.

எல்பியில் வேறொரு கொடுமை. முள் தாவுகிறதென்று அதன் தலைமேல் காசு வைப்பார்கள். பழைய ஸ்டீல் ஒரு ரூபாய்க் காசு கிட்டத்தட்ட 5 கிராம். முள்ளைத் தாங்கும் பல மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ்கள் கேட்பதோ ஒன்றரை, இரண்டு கிராம் பாரம்தான். காசு வைத்துக் கேட்ட தட்டு உழுத வயல்தான்.

ஸ்பீக்கர் ஓரத்து ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஃபோமை மட்டும் மாற்றி ஒட்டலாம்.

கருகிய என் ஆம்ப்ளிஃபயரும் பிழைத்துக்கொண்டது. நாலு திருகைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஃபியூஸும் இரண்டு கெப்பாசிட்டரும் மாற்றியதோடு சரி. அப்புறம்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எல்பியில் ஒரு பக்கம் சுமார் இருபது நிமிடம். போனில் பத்து நொடிக்கொரு பாட்டு மாற்றும் என் மகள், எழுந்துபோய் முள்ளை நகர்த்தி நடுவில் பாட்டைத் தாண்டப் பொறுமையில்லாமல் முழுப் பக்கத்தையும் கேட்கிறாள். இப்போதெல்லாம் வீட்டில் ஒரே சண்டை, யார் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடுவது என்றுதான்.