சர்ஃப் போர்டில் தண்ணீர்க் கசிவு: குமிழி வராமல் அடைத்தது எப்படி

பழைய சர்ஃப் போர்டு (அலைச்சறுக்குப் பலகை) ஒன்று வாங்கினேன். தூக்கினால் ஒரே கனம். வெயிலில் வைத்தால் ஃபின் (அடியில் இருக்கும் துடுப்பு) ஓரத்திலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எபாக்ஸி என்ற இறுகும் பிசின் பூசினேன். மறுநாள் பூச்சில் குண்டூசித் தலை அளவில் குமிழிகள். சுரண்டிவிட்டு மறுபடி பூசினாலும் அதே கதை. கனமும் குறையவில்லை.

பிறகுதான் கால் வழுக்காமல் இருக்க மேலே பூசியிருந்த பழைய மெழுகை முழுக்க எடுத்தேன். கொஞ்சம் வெயில் காட்டி, இளகியதும் பிளாஸ்டிக் அட்டையால் வழித்தால் சுருள் சுருளாக வருகிறது. மெழுகுக்கு அடியில், லீஷ் (போர்டைக் காலோடு இணைக்கும் கயிறு) கட்டும் குழியைச் சுற்றி மயிரிழை விரிசல்! சோப்புத் தண்ணீர் தடவி வெயிலில் வைத்ததும் அங்கே நுரை கிளம்பியது.

விரிசல் கீழே இருக்கும்படி நிழலில் மூன்று வாரம் சாய்த்து வைத்துக் காயவிட்டேன். குமிழிக்குக் காரணம் நேரம். காலையில் பூசினால், சூடு ஏற ஏற உள்ளே காற்று விரிந்து இறுகாத எபாக்ஸியைத் துளைத்து வெளியே வருகிறது. இந்த முறை சாயங்காலம், சூடு இறங்கும்போது பூசினேன். காற்று சுருங்கி, எபாக்ஸி விரிசலுக்குள் இறங்கியது. ஒரு குமிழிகூட இல்லை. அப்பாடா!

உள்ளே தெர்மோகோல் வகை ஃபோம் என்றால் எபாக்ஸிக்குப் பதில் பாலியெஸ்டர் ரெசின் (இன்னொரு வகைப் பிசின்) வேண்டவே வேண்டாம், ஃபோமைக் கரைத்துவிடும்.