பழைய காரின் அடியில் துரு: கண்டுபிடிப்பது, சரிசெய்வது, திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது

நான் முதன்முதலில் பழைய கார் வாங்கியபோது குனிந்து அடியில் பார்க்கத்தான் செய்தேன். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நம்பி வாங்கிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே அந்தப் பூச்சில் சின்னதாக ஒரு கொப்புளம் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். பொதக்கென்று உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் ஈரமான பழுப்புத் தூளும் செதில் செதிலான துருவும் கையில் கொட்டின. பூச்சு மட்டும் தோல் மாதிரி நின்றிருந்தது. அதற்குப் பின்னால் தகடு இல்லை.

அன்றிலிருந்து அடிப்பாக வேலையை நானே செய்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கறுப்புப் பூச்சு துருவுக்கு மருந்து கிடையாது. காரில் தண்ணீர் எங்கே தங்குகிறது என்று கண்டுபிடித்து, அது வெளியே போக வழி செய்வதுதான் மருந்து. பூச்சு கடைசியில் வரும் வேலை.

துரு ஏன் தானாக நிற்பதில்லை

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு பிடிப்பதே ஒரு மின்வேதி வினைதான். அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்பில் அப்படி நடக்காது. துரு நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அது இரும்பைவிட அதிக இடத்தையும் அடைக்கும். அதனால் மேலே உள்ள பெயின்டைத் தூக்கிவிட்டு, அடுத்த அங்குலத்துக்குத் தண்ணீரை அழைத்துப் போகும். கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

படி 1: காரைப் பாதுகாப்பாகத் தூக்குங்கள்

ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் தலையை நீட்டாதீர்கள். சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, காரின் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். இறக்கியதும் காரைக் கையால் நன்றாக உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. ஜாக் வைக்கும் இடத்திலேயே தகடு நசுங்கினாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த இடம் காரின் எடையைத் தாங்கும் நிலையில் இல்லை.

கண்ணாடி, மாஸ்க், கையுறை மூன்றும் கட்டாயம். மல்லாந்து படுத்துச் சுரண்டும்போது துரு நேராகக் கண்ணை நோக்கித்தான் விழும்.

படி 2: கழுவுங்கள், காய விடுங்கள்

மண் ஒட்டியிருக்கும் காரில் துருவைத் தேடுவதில் அர்த்தமில்லை. வாய்ப்பு இருந்தால் சக்கரங்களைக் கழற்றி, வீல் ஆர்ச்சுக்குள் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பகுதி) இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்துவிடுங்கள். அதன் பின்னால், முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே, வருடக்கணக்கான மண்ணும் மக்கிய இலையும் கட்டியாகச் சேர்ந்திருக்கும். நான் முதல் தடவை எடுத்தபோது இரண்டு கை நிறைய வந்தது. வெளியே எல்லாம் காய்ந்து கிடந்தும் அந்த மண்ணின் நடுப்பகுதி சில்லென்று ஈரமாக இருந்தது. மழை நின்று எத்தனையோ நாள் ஆகியும் தகட்டின் மேல் ஈரத்துணி போர்த்தியது மாதிரிதான். துரு எங்கிருந்து தொடங்குகிறது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் மெஷின் இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் வயர் கனெக்டர், பேரிங் சீல், ரப்பர் உறை ஆகியவற்றின் மேல் கிட்டத்தில் வைத்து அடிக்காதீர்கள். கழுவிய பிறகு அரைமணி நேரம் ஓட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் நிறுத்துங்கள். அவசரப்பட்டால் மீதி எல்லாப் படியும் வீண்.

படி 3: துருவைத் தேடுங்கள்

நல்ல டார்ச், சின்ன சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் போதும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ணங்கென்று ஒலிக்கும். துரு தின்ற தகடு மொத்தென்று மந்தமாகக் கேட்கும். பத்து நிமிடத்தில் காதுக்குப் பழகிவிடும். கறுப்புப் பூச்சு இருந்தால் கண்ணைவிடக் காதை நம்புங்கள்.

முதலில் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பகுதியைப் பாருங்கள். ‘சில்’ என்பார்கள். அதன் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண்ணோ பூச்சோ அவற்றை அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். என் காரில் நடந்தது இதேதான். பூச்சு அடித்தவர்கள் வடிகால் ஓட்டைகளின் மேலேயே அடித்திருந்தார்கள்.

அப்புறம் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், ஸ்பிரிங் உட்காரும் தட்டு, சப்ஃபிரேம் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்), இரண்டு தகடுகள் சேரும் வெல்டிங் மடிப்புகள், பெட்ரோல் டேங்கைக் கட்டியிருக்கும் பட்டைகள். பிரேக் பைப்பைத் தனியாக, முழு நீளத்துக்கும் டார்ச் அடித்துப் பாருங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் அதிகம் அரித்திருக்கும்.

அடியில் மட்டும் பார்த்தால் போதாது. காருக்குள்ளே கால்மிதியைத் தூக்கி, கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரம் கையில் பட்டால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம், கதவு ரப்பர் போயிருக்கலாம். அந்தக் கசிவை நிறுத்தாமல் அடியில் எதைப் பூசினாலும் தரைத்தகடு மேலிருந்து அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

படி 4: எது உங்கள் வேலை, எது இல்லை

பெயின்ட் போய் ஆரஞ்சு நிறம் மட்டும் படிந்திருந்தால் மேல் துரு. நீங்களே செய்யலாம். செதிலாக உரிகிறது, சுரண்டினால் குழி குழியாக இருக்கிறது, ஆனால் தகடு கெட்டியாக இருக்கிறது என்றால் அதுவும் வீட்டில் செய்யக்கூடியதுதான், நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் அது வெல்டிங் வேலை. சில், சப்ஃபிரேம், சஸ்பென்ஷன் மவுன்ட், சீட் பெல்ட் போல்ட் இருக்கும் இடம் எல்லாம் விபத்தில் உங்களைத் தாங்க வேண்டிய பாகங்கள். அங்கே ஓட்டை விழுந்தால் பட்டி வைத்து அடைப்பதோ ஃபைபர் ஒட்டுவதோ கூடவே கூடாது. கெட்டுப்போன தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிரேக் பைப் செதிலாக உரிந்தால் அதற்கும் பெயின்ட் அடிக்காதீர்கள். மாற்றுவது ஒன்றுதான் வழி.

படி 5: சுரண்டுங்கள்

முதலில் எண்ணெய்ப் பிசுக்கை டீகிரீஸர் போட்டுத் துடைத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் தேய்க்கத் தேய்க்கப் பிசுக்கு தகடு முழுக்கப் பரவும், பிரைமர் ஒட்டாது.

அப்புறம் கம்பி பிரஷ், சுரண்டி, உப்புத்தாள். 80 நம்பரில் தொடங்கி 120 நம்பரில் முடிக்கலாம். டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப் பக்கத்தில் மட்டும் மெஷினைக் கொண்டுபோகாதீர்கள், பொறி பறக்கும். அங்கே கையால்தான். துரு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் நல்ல பெயின்ட் வரும்வரை இரண்டு விரல் அகலம் கூடுதலாகத் தேயுங்கள். விளிம்பில் தூக்கியிருக்கும் பழைய பூச்சை நகத்தால் உரித்துப் பாருங்கள். உரிகிற வரைக்கும் எடுத்துவிட வேண்டும், அதன் அடியில்தான் ஈரம் ஒளிந்திருக்கும்.

படி 6: கன்வெர்ட்டர், பிரைமர், பெயின்ட்

குழிகளுக்குள் இருக்கும் துருவை முழுதாக எடுக்க முடியாது. அதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர். அதில் இருக்கும் டேனிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவோடு வினைபுரிந்து, பெரும்பாலும் கறுப்பான, நிலையான ஒரு சேர்மமாக மாற்றும். கெட்டியாக ஒட்டியிருக்கும் துருவில்தான் இது வேலை செய்யும். உதிரும் துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், உள்ளே பழைய கதைதான். மெல்லியதாகப் பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுதும் காத்திருங்கள்.

அதன் மேல் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், பிறகு பெயின்ட். துத்தநாகம் கலந்த பிரைமர் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். துத்தநாகம் தானே அரிபட்டு இரும்பைக் காப்பது, ஆகவே அது வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். துருவின் மேலோ கன்வெர்ட்டரின் மேலோ அடித்தால் அந்தப் பயன் கிடைக்காது.

படி 7: இப்போது பூச்சு

இரண்டு வகை உண்டு. தார் அல்லது ரப்பர் கலந்து கெட்டியாகக் காய்வது ஒன்று. கல் தெறிப்பதைத் தாங்கும். ஆனால் நாளாக ஆக வெடிக்கும், வெடிப்பு வழியே போன தண்ணீர் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். மெழுகு, லனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு), எண்ணெய் சார்ந்து காயாமல் மென்மையாகவே இருப்பது மற்றொன்று. இது மடிப்புகளுக்குள் தானாக ஊர்ந்து போகும், கீறல் விழுந்தாலும் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். தண்ணீர் பட்டுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போவதால் வருடத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்க வேண்டும். பழைய காருக்கு நான் சொல்வது இரண்டாவது வகையைத்தான். அடியில் நடப்பதை அது மறைக்காது.

பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், சைலன்சர் பைப், சென்சர்கள், ரப்பர் புஷ், ரப்பர் உறை இவற்றில் படக்கூடாது. பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, சைலன்சரில் பட்டால் புகைந்து தீப்பிடிக்கக்கூடும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். டேப்பும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மறைத்துவிட்டு அடியுங்கள். வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியைச் செருகி வைத்து, அடித்து முடித்ததும் உருவிவிடுங்கள்.

சில்லின் உட்புறத்துக்கு, நாலாபக்கமும் தெளிக்கும் நீளக் குழாய் வைத்த கேவிட்டி வாக்ஸ் (பெட்டி மாதிரிப் பகுதிகளுக்குள் தெளிக்கும் மெழுகு) தேவை. ரப்பர் மூடியைக் கழற்றி, குழாயைக் கடைசிவரை உள்ளே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். வடிகால் ஓட்டை வழியாக மெழுகு சொட்டினால் முழுதும் பரவிவிட்டது, ஓட்டையும் திறந்திருக்கிறது.

அதற்குப் பிறகு

கடற்கரை மணலிலோ உப்புத் தூவிய பனிச்சாலையிலோ ஓட்டினால் அன்றோ மறுநாளோ அடியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈரமான காரைக் காற்றோட்டமில்லாத ஷெட்டுக்குள் பூட்டி வைப்பதைவிட வெளியே நிறுத்துவது மேல். ஈரமான புல்லின் மேல் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் கருவி என்று விற்பதை வாங்க வேண்டாம். கப்பலும் நிலத்தடிக் குழாயும் எப்போதும் தண்ணீரிலோ ஈரமண்ணிலோ இருப்பதால் மின்சுற்று முழுமையாகிறது, அங்கே அந்த முறை பலிக்கும். காற்றில் நிற்கும் காருக்கு அந்தச் சுற்று கிடையாது.

வேலை முடிந்த அன்றே சரிசெய்த ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அதே இடங்களை அதே சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வடிகால் ஓட்டைகளில் ஒரு மெல்லிய கம்பியை விட்டு எடுங்கள். போன தடவை ணங்கென்று கேட்ட இடம் இந்தத் தடவை மொத்தென்று கேட்டால், அன்றைக்கே அந்தப் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள்.