பழைய யூஎம்எல் படம் கைக்கு வந்தால்

பழைய மென்பொருளின் வடிவமைப்புப் படம் கைக்கு வந்தால், அது எந்தக் காலத்தது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். கிளாஸ்கள் (ஒரே வகைப் பொருள்களுக்கான வரையறைகள்) மேக வடிவில் இருந்தால் கிரேடி பூச்சின் முறை. கோட்டின் நுனியில் கறுப்பு உருண்டை இருந்தால் ஜேம்ஸ் ரம்பாவின் ஓஎம்டி என்ற முறை. இந்த இருவரும் இவார் யாக்கப்சனும் ரேஷனல் நிறுவனத்தில் ஒன்றுசேர்ந்து, மென்பொருள் வடிவமைப்பை வரைவதற்கான பொதுக் குறியீட்டு மொழியான யூஎம்எல்லுக்கு அடித்தளம் போட்டார்கள். மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 1997 நவம்பரில் அதைத் தரமாக ஏற்றது.

அப்புறம் யூஎம்எல்லின் எந்தப் பதிப்பு என்று பார்ப்பேன். செய்திகள் போய்வரும் வரிசையைக் காட்டும் சீக்வென்ஸ் படத்தில் 'ஆல்ட்' (மாற்று வழி), 'லூப்' (திரும்பத் திரும்ப) என்று எழுதிய கட்டங்கள் இருந்தால் 2.0 அல்லது அதற்குப் பிந்தியது.

செயல்களின் ஓட்டத்தைக் காட்டும் ஆக்டிவிட்டி படத்தைத் தயவுசெய்து அவசரமாகப் படிக்காதீர்கள். ஒரே செயலுக்குள் இரண்டு அம்புகள் நுழைகின்றன என்று வையுங்கள். 1.0 வரிசைப் பதிப்புகளில் ஆக்டிவிட்டி படம் ஸ்டேட் மெஷினின் (நிலை மாற்றங்களைக் காட்டும் படத்தின்) ஒரு வகை; ஏதாவது ஒரு அம்பு வந்தாலே செயல் தொடங்கிவிடும். 2.0-இல் இரண்டும் வந்து சேரும்வரை காத்திருக்கும். படம் அதேதான், ஓட்டம் வேறு! அதனால் பழையதைப் புதிய கருவிக்கு மாற்றும்போது, அந்த இரண்டு அம்புகளையும் முதலில் ஒரு மெர்ஜ் வைரக்கட்டத்தில் (எந்த அம்பு வந்தாலும் காத்திருக்காமல் கடத்திவிடும் வைர வடிவக் குறி) சேர்த்து, அங்கிருந்து ஒரே அம்பைச் செயலுக்கு விடுங்கள்.